சிட்னி தெருவில் அமைச்சருக்கு என்ன வேலை?

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. இவளுக்கும் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் வந்திருக்கிறது. சின்னவனுக்குத் திருச்சிக்கு மாற்றல் ஆகிவிட்டது, குடும்பத்தோடு போய்விட்டான். பேரன் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. போன மாதம் நம்ம பேட்ச் ஆட்கள் கொஞ்சம் பேர் கூடினோம். பாதிப் பேச்சு பென்ஷன், மீதிப் பேச்சு நீ.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். லண்டன் சிட்னி தெருவில் எடுத்து அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். பீட்டர் ஹவுஸ், பெயின்டர் ஹவுஸ் என்று இரண்டு அடுக்குமாடிகள். ‘யார் இந்த பீட்டர்? இந்தத் தெருவில் நடந்த துப்பாக்கிச் சண்டையைப் பார்க்க சர்ச்சில் நேரில் வந்தார் என்று மகன் சொல்கிறானே, நிஜமா?’ என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். போலீஸ் பயிற்சிப் பள்ளியில் நான் வகுப்பு எடுத்த காலத்தில் ஒவ்வொரு பேட்சுக்கும் இந்தச் சம்பவத்தைச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம் அது. அதனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

கதை சிட்னி தெருவில் தொடங்கவில்லை. அங்கிருந்து மேற்கே, ஹவுண்ட்ஸ்டிச் என்ற தெருவில் தொடங்குகிறது. 1910 டிசம்பர் 16, வெள்ளிக்கிழமை ராத்திரி. அங்கே ஒரு நகைக்கடை. அதன் பின்பக்கத்துச் சந்தில் வீடு பிடித்து, சுவரைக் குடைந்து கடைக்குள் இறங்கத் திட்டம் போட்டது ஒரு கும்பல். பெரும்பாலும் லாத்வியாக்காரர்கள். ரஷ்யப் பேரரசில் 1905 புரட்சியை ஜார் அரசு நசுக்கியபோது தப்பி ஓடி வந்தவர்கள். யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிட்ட இரவு என்பதால் தெரு அடங்கிக் கிடந்தது. அதனால்தான் சுவரை இடிக்கிற சத்தம் அக்கம்பக்கத்துக்குக் கேட்டது, போலீசுக்குத் தகவல் போனது.

வந்த போலீஸ்காரர்கள் கையில் லத்திதான். சார்ஜென்ட் பென்ட்லி உள்ளே போய் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே சுட்டார்கள். பென்ட்லி, சார்ஜென்ட் டக்கர், கான்ஸ்டபிள் சோட் மூன்று பேரும் உயிரை விட்டார்கள். இரண்டு பேர் காயத்தோடு பிழைத்தார்கள். சோட் செய்ததை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கார்ட்ஸ்டீன் என்பவனை அவர் பிடித்துவிட்டார். உடம்பில் குண்டு மேல் குண்டாக இறங்கியும் பிடியை விடவில்லை. அவரைச் சுட்ட குண்டுகளில் ஒன்று கார்ட்ஸ்டீன் மீதே பாய்ந்து, மறுநாள் காலை அவனும் ஒரு வீட்டில் செத்துக் கிடந்தான். இதை வகுப்பில் சொல்லும்போது ரெக்ரூட் பையன்கள் மூச்சு விடாமல் கேட்பார்கள்.

சில நாளில் செயின்ட் பால் தேவாலயத்தில் மூன்று பேருக்கும் அஞ்சலி நடந்தது. உள்துறை அமைச்சர் என்ற முறையில் சர்ச்சில் போயிருந்தார். அப்போது அவருக்கு 36 வயது. பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

புத்தாண்டு பிறந்ததும் துப்பு கிடைத்தது. கிழக்கு லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் சிட்னி தெரு 100ஆம் எண் வீட்டில் ஃபிரிட்ஸ் ஸ்வார்ஸ், சோகோலோஃப் என்ற இரண்டு பேர் பதுங்கியிருக்கிறார்கள் என்று. ஜனவரி 3 நள்ளிரவுக்கு மேல் ஏறக்குறைய 200 போலீசார் தெருவை வளைத்தார்கள். சத்தமில்லாமல் அந்த வீட்டிலும் சுற்று வீடுகளிலும் இருந்த குடித்தனக்காரர்களை வெளியே கொண்டுவந்தார்கள். அறையில் இருந்த பெண் வெளியே போய்க் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று அவளுடைய பாவாடையையும் காலணியையும் அந்த இரண்டு பேரும் பிடுங்கி வைத்திருந்தார்களாம். அவளையும் பத்திரமாக மீட்டுவிட்டார்கள். மாப்ளே, அந்த ராத்திரி வேலை அப்பழுக்கில்லாதது. குழந்தை குட்டிகள் இருக்கிற வீட்டிலிருந்து ஒரு உயிருக்கும் சேதமில்லாமல் ஆட்களை வெளியேற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கும் எனக்கும் தெரியும். சரித்திரத்தில் அதற்கு ஒரு வரி கிடைப்பதே அபூர்வம்.

மாடிப்படி குறுகல். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். மேலே நிற்பவன் ஏறி வருகிற ஒவ்வொருவரையும் சுட்டு வீழ்த்தலாம். போலீஸ் முதலில் சுடுவதற்குச் சட்டத்திலும் இடமில்லை. அதனால் விடியட்டும் என்று காத்திருந்தார்கள். காலை ஏழரை வாக்கில் கதவைத் தட்டினார்கள், ஜன்னலில் கல் எறிந்தார்கள். பதிலுக்குக் குண்டு வந்தது. சார்ஜென்ட் லீசன் மார்பில் அடிபட்டு விழுந்தார், நல்லவேளை பிழைத்துக்கொண்டார். உள்ளே இருந்தவர்கள் கையில் மவுசர் தானியங்கிக் கைத்துப்பாக்கி. வெளியே போலீஸ் கையில் பழைய ரிவால்வர்கள், வேட்டைத் துப்பாக்கிகள், குறி பார்க்கப் பழகுகிற சின்ன ரைபிள்கள். இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அதனால் லண்டன் டவர் கோட்டையிலிருந்து ராணுவத்தை அழைக்க முடிவு செய்தார்கள். அதற்கு உள்துறை அமைச்சரின் அனுமதி வேண்டும். தொலைபேசியில் செய்தி வந்தபோது சர்ச்சில் குளித்துக்கொண்டிருந்தார். அனுமதி கொடுத்தார். ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவிலிருந்து குறி தவறாமல் சுடக்கூடிய 21 பேர் வந்தார்கள். சிலர் தெருவிலேயே பலகையைப் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்துச் சுட்டார்கள், சிலர் எதிர்க் கட்டடங்களின் மேல்மாடியிலிருந்து. அவ்வளவோடு அமைச்சரின் வேலை முடிந்தது என்பது என் கட்சி. அனுமதி கேட்டார்கள், கொடுத்தார், அலுவலகத்தில் உட்கார்ந்து தகவல் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அவர் அப்படி இருக்கவில்லை. அலுவலகத்துக்குப் போனார், அங்கேயும் சரியான தகவல் இல்லை என்றதும் செயலாளர் எட்வர்ட் மார்ஷைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பகல் 12 மணிக்குக் கொஞ்சம் முன்னால் சிட்னி தெருவில் வந்து இறங்கினார். தலையில் உயரமான பட்டுத் தொப்பி, கழுத்தில் சுருட்டை ரோமம் வைத்த நீளக் கோட்டு. தெருவில் ஜனக்கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது, மொட்டைமாடியில் நின்று பார்க்கக் காசு வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கூட்டம் அமைச்சரைப் பார்த்ததும் ‘யார் இவங்களை உள்ளே விட்டது?’ என்று கத்தியது. வெளிநாட்டவரை வரவிடாமல் கட்டுப்படுத்துகிற மசோதாவை 1904இல் எதிர்த்துப் பேசியவர்களில் சர்ச்சிலும் ஒருவர். ஜனங்கள் மறக்கவில்லை.

அந்தப் புகைப்படத்தை நீ பார்த்திருப்பாய். ஒரு சுவர் மூலையிலிருந்து எட்டிப் பார்க்கிறார், சுற்றிலும் போலீஸ். அதை ஒரு தடவை நன்றாகப் பார், மாப்ளே. நடுவில் நிற்கிற அந்தப் பட்டுத் தொப்பியை விட்டுவிட்டு மற்றவர்களைக் கவனி. ஒரு அமைச்சர் சுடுகிற தூரத்துக்குள் நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவன் மனசில் என்ன ஓடும்? சண்டை பாதி, இவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற கவலை பாதி. குண்டு ஒன்று அவருடைய தொப்பியைத் துளைத்துக்கொண்டு போனதாக ஒரு கதை உண்டு, அதற்கு ஆதாரம் கிடையாது. துளைக்காமல் போனது அங்கிருந்த அதிகாரிகள் செய்த புண்ணியம்.

அவர் வேடிக்கை மட்டும் பார்த்தாரா, கட்டளையும் போட்டாரா என்பதுதான் அப்போதிருந்து இன்றுவரை நடக்கிற வழக்கு. நடவடிக்கையில் தலையிடவில்லை என்றே அவர் சொன்னார். ஆனால் அவரே பிற்காலத்தில் எழுதியதைப் படித்தால், பின்பக்கத்தைச் சுற்றி வந்து தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். இரும்புத் தகட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு படியேறலாம் என்று யோசித்திருக்கிறார், அதற்கான தகட்டைப் பட்டறைகளில் தேடியும் இருக்கிறார்கள். லண்டன் பெருநகரப் போலீஸ் நேரடியாக உள்துறை அமைச்சரின் கீழ் இருந்த படை என்பதையும் மறக்கக் கூடாது. அவர் ‘இப்படிச் செய்தால் என்ன?’ என்று மெதுவாகக் கேட்டாலே கீழே இருப்பவன் காதில் அது உத்தரவாகத்தான் விழும். வாயே திறக்காமல் நின்றாலும், அமைச்சர் பார்க்கிறார் என்பதற்காகச் செய்கிற காரியங்கள் இருக்கின்றன, செய்யாமல் விடுகிற காரியங்களும் இருக்கின்றன.

உனக்கு அந்தப் பட்டாசுக் குடோன் தீ நினைவிருக்கும். தண்ணீர் லாரி முக்கில் நிற்கிறது, அமைச்சரின் கான்வாய் வருகிறது என்று நாமே கயிறு கட்டி அதை நிறுத்தி வைத்தோம். நம் இன்ஸ்பெக்டர் மனிதாபிமானம் இல்லாதவர் அல்ல, வந்த அமைச்சரும் கெட்ட எண்ணத்தில் வரவில்லை, கண் கலங்கித்தான் நின்றார். ஆனால் அவர் வந்து போகிற வரைக்கும் அந்த இடத்தில் தீ இரண்டாவது விஷயம் ஆகிவிட்டது. சிட்னி தெரு என்றாலே எனக்கு அந்த லாரிதான் கண்ணில் நிற்கிறது.

பகல் ஒரு மணி வாக்கில் வீட்டிலிருந்து புகை வந்தது. உள்ளே தீ. தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. எரிகிற கட்டடத்தை அணைப்பது தீயணைப்புக்காரன் கடமை, உள்ளே போனால் சுடப்படுவான் என்பது போலீசின் வாதம். தீயணைப்பு அதிகாரி நேரே அமைச்சரிடம் போய்க் கேட்டார். ‘போக வேண்டாம், எரியட்டும்’ என்றார் சர்ச்சில். அன்றைக்கே பிரதமர் ஆஸ்க்வித்துக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கொடியவர்களைக் காப்பாற்ற நல்ல பிரிட்டிஷ் உயிர்களைச் செலவழிப்பதைவிட வீடு எரிந்து போகட்டும் என்று நினைத்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் நான் அவர் பக்கம்தான். அந்த முடிவு சரி. மவுசர் முன்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்த அதிகாரிக்கும், பழி நம் தலையில் விழாது என்று தெம்பு வந்திருக்கும். பெரியவர் பக்கத்தில் இருந்ததால் கிடைத்த ஒரே நன்மை அது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை அங்கிருந்த போலீஸ் அதிகாரியே சொல்லியிருக்க முடியும். சொல்லியிருந்தால் ஒரு களத்து முடிவாக அது நின்றிருக்கும். அமைச்சர் வாயிலிருந்து வந்ததால் ‘அரசாங்கம் இரண்டு பேரை எரியவிட்டது’ என்று ஆகிவிட்டது.

இரண்டு பேரில் ஒருவன் ஜன்னலில் தலை நீட்டியபோது குண்டு பட்டு விழுந்தான். இன்னொருவன் கடைசிவரை சுட்டுக்கொண்டே இருந்தான். பிறகு துப்பாக்கி ஓய்ந்தது, கூரையும் தளங்களும் சரிந்தன. பீரங்கிகள்கூட வரவழைத்திருந்தார்கள், அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் நீ எடுத்த இன்னொரு படத்தில் இருக்கிறது, அந்த நினைவுப் பலகை. சண்டை முடிந்து தீயணைப்புக்காரர்கள் உள்ளே போனார்கள். சுவர் இடிந்து ஐந்து பேர் மீது விழுந்தது. சார்லஸ் பியர்சன் என்ற அதிகாரிக்கு முதுகெலும்பு முறிந்தது, ஆறு மாதம் படுக்கையில் கிடந்து இறந்தார். நூறு வருஷம் கழித்து, 2011இல்தான் அவருக்கு அந்தத் தெருவில் ஒரு பலகை வைத்தார்கள். அந்தத் தெருவின் பெயரைச் சொன்னால் உலகத்துக்குச் சர்ச்சிலின் தொப்பி ஞாபகம் வருகிறது, பியர்சனை யாருக்குத் தெரியும்? எனக்கு மனசு கேட்கவில்லை. நீ அந்தப் பலகை முன்னால் நின்று படம் எடுத்ததற்கு உனக்கு நன்றி.

மறுநாளே பத்திரிகைகள் அமைச்சரைப் பிடித்துக்கொண்டன. பதே என்ற செய்திப்பட நிறுவனம் படமும் எடுத்திருந்தது. துப்பாக்கிச் சண்டை நடக்கும்போதே படமாக்கப்பட்ட ஆரம்பகாலச் சம்பவங்களில் இது ஒன்று. திரையரங்கில் சர்ச்சில் உருவம் தெரிந்ததும் ஜனங்கள் கூச்சல் போட்டிருக்கிறார்கள். பிப்ரவரியில் நாடாளுமன்றம் கூடியபோது எதிர்க்கட்சித் தலைவர் பால்ஃபர் எழுந்தார். சர்ச்சிலும் ஒரு புகைப்படக்காரரும் சுடுகிற எல்லைக்குள் விலைமதிப்பில்லாத உயிரைப் பணயம் வைத்து நின்றார்கள், புகைப்படக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிகிறது, மாண்புமிகு அமைச்சர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார். சபை சிரித்தது. அந்தக் கேள்விக்குச் சர்ச்சிலின் பதில் பல வருஷம் கழித்து எழுத்தில் வந்தது. கடமை என்ற எண்ணத்தோடு ஆர்வமும் பலமாகச் சேர்ந்துகொண்டது, அதை அடக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எழுதினார். அப்படி ஒத்துக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காக அவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை.

ஆனால் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் வேல்ஸில் டோனிபாண்டி சுரங்கத் தொழிலாளர் கலவரத்துக்காக ராணுவத்தை அனுப்பிய விவகாரம். நவம்பர் 18இல் வாக்குரிமை கேட்டு வந்த பெண்களைப் போலீஸ் அடித்து இழுத்த கொடுமை. துப்பாக்கி, ராணுவம், சர்ச்சில் மூன்றும் ஜனங்கள் மனதில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. சிட்னி தெருவில் அவர் நின்றது தவறு என்பதைவிட, இப்படிப்பட்ட இடத்தில் போய் நிற்கிற ஆசாமி என்று பெயர் வாங்கியதுதான் அவரை அப்புறம் நீண்ட காலம் துரத்தியது.

பீட்டர் யார் என்று கேட்டாயே. ‘பீட்டர் தி பெயின்டர்’ என்று அழைக்கப்பட்ட, அந்தக் கும்பலின் கூட்டாளி. போலீஸ் தேடித் தேடிப் பார்த்தது, பிடிபடவே இல்லை. எரிந்த வீட்டில் கிடைத்தது இரண்டு உடல்கள், அவனுடையது இல்லை. பிடிபட்டவர்கள் மீது 1911 மே மாதம் வழக்கு நடந்து, தண்டனை விதிக்கப்பட்ட ஒரே பெண்ணும் மேல்முறையீட்டில் விடுதலையானாள். விடுதலையானவர்களில் ஜேக்கப் பீட்டர்ஸ் என்பவன் பிறகு சோவியத் ரஷ்யாவில் செக்கா என்ற ரகசியப் போலீசின் துணைத் தலைவன் ஆனான், 1938இல் அந்த ஆட்சியே அவனைச் சுட்டுக் கொன்றது. மூன்று போலீஸ்காரர்களைக் கொன்றதற்கு ஒருவர்கூடத் தண்டனை அனுபவிக்கவில்லை. போலீஸ்காரனாக இதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இன்னொரு கஷ்டம், அந்தப் பகுதியில் வாழ்ந்த யூதக் குடும்பங்கள். ரஷ்யாவில் அடியும் கொலையும் தாங்காமல் வந்து தையல் வேலை, காலணி வேலை செய்து பிழைத்தவர்கள். கும்பலில் பெரும்பாலோர் யூதர்களே இல்லை. இருந்தும் பழி முழுக்க அவர்கள் மேல் விழுந்தது. மசோதாவை எதிர்த்த அதே சர்ச்சில் இப்போது வெளிநாட்டவர் மீது சட்டத்தை இறுக்க வரைவு போட்டார். அது நிறைவேறவில்லை. நீயும் அந்த ஊரில் வந்தேறிதான், ஈஸ்ட் ஹாமில் வீட்டுப் பக்கத்திலேயே நம் கடைகள் இருக்கின்றன என்று சந்தோஷமாக எழுதுகிறாய். எங்கேயோ நாலு பேர் செய்யும் காரியத்துக்குத் தெரு முழுவதும் பதில் சொல்ல வேண்டி வரும் என்ற பயம் அந்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

உனக்குப் பிடித்த ஒரு தகவலும் சொல்லிவிடுகிறேன். அப்போது லண்டன் போலீஸ் கமிஷனர் யார் தெரியுமா? எட்வர்ட் ஹென்றி. நம் நாட்டில் வங்காளத்தில் போலீஸ் தலைவராக இருந்து, அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரின் உழைப்போடு கைரேகை முறையை வகுத்தவர். கைரேகைப் பயிற்சியில் நாம் படித்த அதே ஹென்றி. அவருடைய படைக்குத்தான் அன்றைக்கு நல்ல துப்பாக்கி இல்லை. அதற்குப் பிறகுதான் வெப்லி தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் வாங்கினார்கள். மூன்று பேர் சாக வேண்டியிருந்தது அதற்கு.

போன தடவை பேசும்போது நீ, ‘தலைவன் என்றால் களத்துக்கு வரணும், ஏசி அறையில் உட்காரக் கூடாது’ என்று ஒரு போடு போட்டாய். நான் அதை முழுக்க மறுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வரட்டும். ஆஸ்பத்திரிக்கு வரட்டும், லீசன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரட்டும், பியர்சன் படுத்திருந்த ஆறு மாதத்தில் ஒரு நாள் போகட்டும். குண்டு பறக்கிற நேரத்தில் மட்டும் வேண்டாம். உன் வாதம் வேறாக இருந்தால் விரிவாக எழுது, ஃபோனில் சொன்னால் மறந்துவிடுகிறது.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹவுண்ட்ஸ்டிச் பக்கமும் போ. அங்கே கட்லர் தெருவில் பென்ட்லி, டக்கர், சோட் மூவருக்கும் 2010இல் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதையும் படம் எடுத்து அனுப்பு. வகுப்பு எடுக்கிற நம் ஜூனியர் ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், அவனுக்குக் கொடுப்பேன்.

பென்ஷன் ஆயுள் சான்றிதழை நவம்பருக்குள் அனுப்ப மறந்துவிடாதே. தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பினால் மீதி வேலையை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பங்காளி